ஆடுகளத்து ஏச்சும் அயலான் மாண்பும்

திருவிழாக் காலம் வந்துவிட்டால் நம் கடற்கரை ஊர்களிலும் உப்பளத்து ஊர்களிலும் கொடியேற்றத்தோடு விளையாட்டுப் போட்டிகளும் தொடங்கிவிடுகின்றன. கால்பந்து, கபடி, கைப்பந்து, கிரிக்கெட் என ஆட்டம் ஊருக்கு ஊர் மாறலாம். மைதானத்தைச் சுற்றித் திரளும் கூட்டம் மட்டும் மாறுவதில்லை. விளையாட்டை நேசிக்கும் மண் இது. காயல்பட்டினம் கால்பந்துக்கும் கோவில்பட்டி ஹாக்கிக்கும் பெயர் பெற்றவை. நம் மாவட்டத்து மணத்திக் கிராமத்தின் மைந்தர் கணேசன் 1994இல் ஹிரோஷிமாவில் நடந்த ஆசிய விளையாட்டில் இந்தியக் கபடி அணியோடு தங்கப் பதக்கம் வென்று திரும்பினார். ஆறுமுகநேரி உப்பளங்களில் பகலெல்லாம் வெயிலில் நின்று உழைத்த இளைஞனுக்கு மாலை நேரத்து ஆட்டம் உள்ளத்துக்கு விருந்து.

ஆனால் அதே மைதானத்தின் ஓரத்தில் வேறொன்றும் நடக்கிறது. தாய்மார் குழந்தைகளோடு அமர்ந்திருக்கும் இடத்தில், தன் வீட்டு முற்றத்தில் உச்சரிக்கத் துணியாத சொற்களை ஒருவன் உரக்கக் கத்துகிறான். தவறாக ஊதிவிட்டதாக நடுவரின் தாயை இழுக்கிறான். பந்தைத் தவறவிட்டவனின் நிறத்தைச் சொல்லி ஏசுகிறான். சில வேளைகளில் அவனது சாதியையும் சொல்லி ஏசுகிறான். பக்கத்தில் நிற்பவர் சிரிக்கிறார். பெரியவர் யாரேனும் முகம் சுளித்தால், "விளையாட்டில் இதெல்லாம் சகஜம்" என்ற பதில் உடனே வருகிறது.

இது சகஜம்தானா? இத்தகைய பேச்சைச் சட்டம் தடுக்க வேண்டுமா? சட்டம் தடுக்காது விட்டால், அது சரியானது என்று ஆகிவிடுமா? இம்மூன்று கேள்விகளும் ஒன்று போலத் தோன்றினாலும் தனித்தனியானவை. அவற்றை ஒன்றாகக் குழப்புவதாலேயே நாம் ஒருபுறம் எல்லாவற்றுக்கும் காவலரை அழைக்கிறோம். மறுபுறம் காவலர் வராத இடத்தில் எதையும் பேசலாம் என்று எண்ணுகிறோம்.

சட்டம் சொல்வது என்ன?

நமது அரசியலமைப்புச் சட்டத்தின் 19ஆம் பிரிவு ஒவ்வொரு குடிமகனுக்கும் பேச்சுரிமை வழங்குகிறது. அதே பிரிவு பொது ஒழுங்கு, கண்ணியம், ஒழுக்கம், அவதூறு, குற்றத்துக்குத் தூண்டுதல் முதலிய காரணங்களுக்காக அவ்வுரிமைக்கு நியாயமான வரம்புகள் விதிக்கவும் இடமளிக்கிறது. பொது இடத்தில் ஆபாசச் சொற்களைப் பேசிப் பிறருக்குத் தொல்லை தருவது நெடுங்காலமாகவே குற்றம். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 294ஆம் பிரிவாக இருந்த அது, 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 296ஆம் பிரிவாக உள்ளது. மூன்று மாதம் வரை சிறையோ, 1,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். அமைதியைக் குலைக்கத் தூண்டும் வகையில் ஒருவரை வேண்டுமென்றே இழிவுபடுத்துவதற்கு 352ஆம் பிரிவு இரண்டு ஆண்டுகள் வரை சிறைத் தண்டனை கூறுகிறது. மதம், இனம், சாதி ஆகியவற்றின் பெயரால் பகை மூட்டுவதற்கு 196ஆம் பிரிவு உண்டு.

ஏட்டில் இவ்வளவு இருந்தும், ஏச்சு எல்லாம் குற்றமாகிவிடுவதில்லை. வெறும் வசைச் சொல்லோ, இழிவுபடுத்தும் சொல்லோ மட்டும் 294ஆம் பிரிவின்கீழ் ஆபாசக் குற்றமாகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றம் கூறியது. கொச்சையான மொழி வேறு, ஆபாசம் வேறு என்று 2024 மார்ச்சில் இணையத் தொடர் ஒன்றைப் பற்றிய வழக்கில் அதே நீதிமன்றம் மீண்டும் விளக்கியது. ஆகவே மைதானத்தில் கேட்கும் கெட்ட வார்த்தைகளில் பெரும்பாலானவை காதுக்குக் கசப்பாக இருந்தாலும் சிறைக்கு அழைத்துச் செல்லும் சொற்கள் அல்ல.

எல்லாத் தீமையையும் சட்டம் தண்டிக்கலாமா?

இதைக் கேட்டு நம்மில் சிலர் வருந்தலாம். சட்டம் இன்னும் கடுமையாக இருக்கக் கூடாதா என்று கேட்கலாம். இங்கே புனித தோமா அக்குவினாரின் தெளிவு நமக்குத் துணை செய்கிறது. மனிதச் சட்டம் எல்லாத் தீய பழக்கங்களையும் தடைசெய்ய வேண்டுமா என்று அவர் தமது இறையியல் தொகுப்பில் கேட்கிறார். வேண்டியதில்லை என்பதே அவரது விடை. சட்டம் பெரும்பான்மையான மக்களுக்காக இயற்றப்படுகிறது. அவர்கள் நிறைபுண்ணியத்தில் நிலைத்தவர்கள் அல்லர். ஆகவே பெரும்பாலோரால் தவிர்க்கக்கூடிய கொடிய தீமைகளை, சிறப்பாகப் பிறருக்குக் கேடு விளைத்து மனித சமுதாய வாழ்வையே குலைக்கும் தீமைகளைச் சட்டம் தடுத்தால் போதும். அதற்கு மேல் சுமத்தினால் பலவீனர் அந்தச் சுமையை உதறிவிட்டு இன்னும் பெரிய தீமைக்குள் விழுவர்.

இதற்கு ஸ்காட்லாந்து நாட்டில் ஒரு பாடம் உண்டு. கிளாஸ்கோ நகரின் செல்டிக் கால்பந்துக் கழகம் 1887இல் வால்ஃப்ரிட் என்னும் மாரிஸ்ட் சபைச் சகோதரரின் முயற்சியால் பிறந்தது. பஞ்சம் பிழைக்க வந்த அயர்லாந்துக் கத்தோலிக்க ஏழைகளின் பிள்ளைகளுக்கு உணவளிக்க நிதி திரட்டுவதே அதன் நோக்கம். எதிரணியான ரேஞ்சர்ஸ் புராட்டஸ்டாண்டு மக்களின் அடையாளமாயிற்று. இரு கழகங்களின் ஆட்டமும் நாளடைவில் இரு சபையினர் ஒருவரையொருவர் பழித்துப் பாடும் களமாகிவிட்டது. ஏழைக் குழந்தைக்குச் சோறு போடப் பிறந்த கழகத்தின் பெயராலும் பகைப் பாடல்கள் எழுந்தன என்பதைக் கத்தோலிக்கராகிய நாம் மறைக்க வேண்டியதில்லை. இதைத் தடுக்க அந்நாட்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டு 2012இல் நடைமுறைக்கு வந்தது. கால்பந்து மைதானத்தில் நிகழும் புண்படுத்தும் நடத்தையை அது குற்றமாக்கியது. ஆனால் எந்தப் பாடல் புண்படுத்துவது, எது வெறும் ரசிக ஆரவாரம் என்பதில் தெளிவில்லை என்றும், கால்பந்து ரசிகர்களை மட்டும் குறிவைக்கிறது என்றும் குறை எழுந்தது. 2018இல் நாடாளுமன்றம் இரண்டே வாக்கு வேறுபாட்டில் அதைத் திரும்பப் பெற்றது. தெளிவற்ற சட்டம் மக்களின் மதிப்பை இழந்துவிடும் என்பதே இதில் நாம் காண வேண்டியது.

பிறப்பை ஏசும் சொல்

அப்படியானால் சட்டம் எங்கே நுழைய வேண்டும்? ஒருவனது ஆட்டத்தைப் பழிப்பதற்கும் அவனது பிறப்பைப் பழிப்பதற்கும் உள்ள வேறுபாட்டிலேயே விடை இருக்கிறது. "நீ இன்று சரியாக ஆடவில்லை" என்பது செயலைப் பற்றிய பேச்சு. கேலியாகச் சொன்னாலும், கோபமாகச் சொன்னாலும், நாளை நன்றாக ஆடி அவன் அதற்குப் பதில் சொல்லலாம். நிறத்துக்கும் இனத்துக்கும் சாதிக்கும் அவன் எப்படிப் பதில் சொல்வான்? எத்தனை கோல் போட்டாலும் அந்த ஏச்சு அழிவதில்லை. அது ஆட்டக்காரனை விட்டுவிட்டு அவனுக்குள் இருக்கும் இறைச்சாயலைத் தாக்குகிறது.

2021இல் டோக்கியோ ஒலிம்பிக்கில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். ஹரித்வாரைச் சேர்ந்த வந்தனா கட்டாரியா தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் மூன்று கோல்கள் போட்டார். ஒலிம்பிக் ஹாக்கியில் இந்தியப் பெண் எவரும் அதற்கு முன் செய்யாத சாதனை அது. சில நாள்களில் அரையிறுதியில் அர்ஜென்டினாவிடம் நம் அணி தோற்றது. உடனே அவரது கிராமத்து வீட்டின் முன் சிலர் பட்டாசு வெடித்து ஆடினர். அணியில் தலித்துகள் மிகுந்துவிட்டதாலேயே தோற்றது என்று குடும்பத்தாரைச் சாதி சொல்லி ஏசினர் என்று புகார் எழுந்து, பட்டியல் சாதியினர், பழங்குடியினர் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின்கீழ் வழக்குப் பதிவாயிற்று. கைதுகளும் நடந்தன. நாட்டுக்காக ஆடிய மகளின் மூன்று கோல்களை ஓர் ஏச்சு அழித்துவிடப் பார்த்தது. இங்கே சட்டம் நுழைந்தது சரியே.

நாமும் பிறரை அவ்வாறு ஏசியிருக்கிறோம், பிறராலும் ஏசப்பட்டிருக்கிறோம். 2007 அக்டோபரில் வதோதராவிலும் பின்னர் மும்பையிலும் நம் நாட்டுப் பார்வையாளர் சிலர், ஆஸ்திரேலிய அணியின் ஆண்ட்ரூ சைமண்ட்ஸைக் குரங்கென்று கூவிக் கேலி செய்தனர். 2021 ஜனவரியில் சிட்னி மைதானத்தில் நம் முகமது சிராஜைச் சிலர் இனத்தைச் சொல்லி இழித்துரைத்தனர். தந்தையை இழந்து இரண்டு மாதமும் ஆகாத நிலையில் அந்த இளைஞர் நடுவரிடம் முறையிட்டார், ஆட்டம் நிறுத்தப்பட்டது, ஆறு பேர் வெளியேற்றப்பட்டனர். சிட்னியில் நடந்ததைக் கண்டு கொதித்த நாம் வதோதராவில் நடந்ததற்கு எவ்வளவு வெட்கப்பட்டோம்? அயலான் நமக்குச் செய்தால் அநீதி, நாம் அயலானுக்குச் செய்தால் வேடிக்கை என்று சொல்ல நம் மறை இடம் தரவில்லை.

சிட்னி நிகழ்ச்சியில் இன்னொரு செய்தியும் உண்டு. இந்திய ஆட்டக்காரர்கள் இனவசைக்கு ஆளானது உண்மையே என்று ஆஸ்திரேலியக் கிரிக்கெட் அமைப்பு விசாரணையின் பின் ஏற்றுக்கொண்டது. ஆனால் வெளியேற்றப்பட்ட அந்த ஆறு பேர் அதைச் செய்தவர்கள் அல்லர் என்றும் அது கண்டது. குற்றம் நடந்தது, குற்றவாளி கிடைக்கவில்லை. கூட்டத்துக்குள் ஒளிந்த ஒரு குரலைப் பிடிப்பது சட்டத்துக்கு எவ்வளவு அரிது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சட்டத்தின் குடை எட்டாத இடம்

நம் பங்குகளுக்கு மிக அருகில் உள்ள ஒன்றை இப்போது சொல்ல வேண்டும். வந்தனாவின் குடும்பத்துக்குத் துணை நின்ற அந்த வன்கொடுமைத் தடுப்புச் சட்டம், பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் பட்டியல் சாதியினரைச் சாதிப் பெயரால் ஏசுவோருக்கு ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை விதிக்கிறது. விளையாட்டு மைதானத்தைவிடப் பொதுப் பார்வைக்குரிய இடம் வேறில்லை. ஆனால் 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையின்படி பட்டியல் சாதி என்னும் தகுதி இந்துக்களுக்கும், 1956 முதல் சீக்கியருக்கும், 1990 முதல் பௌத்தருக்கும் மட்டுமே உண்டு. திருமுழுக்குப் பெற்ற தலித் கிறிஸ்தவருக்கு அத்தகுதி இல்லை.

இதன் பொருள் என்ன? ஒரே அணியில் ஆடும் இரு இளைஞர்கள். ஒரே தெருவில் பிறந்தவர்கள். மைதானத்தின் ஓரத்திலிருந்து ஒரே சொல் இருவர் மீதும் எறியப்படுகிறது. இந்து இளைஞனுக்கு அச்சட்டம் துணைக்கு வருகிறது. கிறிஸ்தவ இளைஞனுக்கு வருவதில்லை. அவனை ஏசியவனும் கிறிஸ்தவனாக இருந்துவிட்டால்? அவர்கள் இருவரும் மறுநாள் ஒரே பலிபீடத்திலிருந்து ஒரே அப்பத்தைப் பெற வருவர். அந்தச் சொல்லைக் கேட்டும் நாம் மௌனமாய் இருந்தோமானால், சட்டம் கைவிட்ட இடத்தில் திருச்சபையும் அவனைக் கைவிட்டது என்றே அவன் எண்ணுவான். அவன் எண்ணுவது தவறென்று நாம் எப்படிச் சொல்வோம்?

சாதி ஆடுகளத்துக்குள் வந்துவிட்டால் அது எல்லைக்கோட்டோடு நிற்பதுமில்லை. 2025 மார்ச்சில் நம் மாவட்டத்தில், தேர்வெழுதப் பேருந்தில் சென்ற தலித் மாணவன் ஒருவன் வெட்டப்பட்டுக் கைவிரல்களை இழந்தான். கபடிப் போட்டியில் ஏற்பட்ட தோல்வியே இந்தப் பகைக்குக் காரணம் என்று அவன் குடும்பத்தார் கூறியதாகச் செய்தித்தாள்கள் எழுதின. தோல்வியைத் தோல்வியாக ஏற்காது, "இவனிடமா தோற்றோம்" என்று எண்ணும் நெஞ்சில்தான் அரிவாள் முதலில் தீட்டப்படுகிறது.

கூட்டத்தில் மறைபவன்

தனியே நின்றால் நல்லவனாக இருக்கும் மனிதன் கூட்டத்தில் ஏன் மாறிவிடுகிறான்? புனித அகுஸ்தினார் தமது நண்பர் அலிப்பியுவைப் பற்றி ஒரு நிகழ்ச்சி கூறுகிறார். வாள்வீரர் போரிட்டு மடியும் காட்சிக்கு நண்பர்கள் அவரை வலிந்து இழுத்துச் சென்றனர். உடல் அங்கிருந்தாலும் உள்ளம் இராது என்று சொல்லி அவர் கண்களை மூடிக்கொண்டார். காதுகளை மூடவில்லை. ஒருவன் விழுந்தபோது எழுந்த பேரிரைச்சல் அவர் கண்களைத் திறக்கச் செய்தது. கண்டார், அதன்பின் அவரும் கூச்சலிடும் கூட்டத்தில் ஒருவரானார். நம் ஆண்டவரின் பாடுகளிலும் தலைமைக் குருக்களின் தூண்டுதலுக்கு ஆளான கூட்டமே பிலாத்துவின் முன் கத்தியது. அக்கூட்டத்தில் ஒருவரின் பெயரும் நற்செய்தியில் இல்லை. பெயரில்லாததால் பொறுப்பும் இல்லை என்று நாம் சொல்வோமா?

இங்கிலாந்தில் 1991இல் வந்த கால்பந்துக் குற்றச் சட்டம் இனவசைக் கூச்சலைத் தடைசெய்தது. தொடக்கத்தில், வேறொருவரோடாவது சேர்ந்து கூவினால்தான் அது குற்றமாயிற்று. 1999இல் திருத்தம் வந்தது. தனியாளாகக் கூவினாலும் குற்றமே என்றாயிற்று. கூட்டம் என்பது தனித்தனி நாவுகளின் தொகை என்பதைச் சட்டமே எட்டு ஆண்டுகள் கழித்துத்தான் கண்டுகொண்டது. பாவசங்கீர்த்தனத் தொட்டியோ இதை எப்போதும் அறிந்திருந்தது. அங்கே கூட்டமாக மண்டியிட இயலாது.

கூட்டம் நன்மையும் செய்யும் என்பதற்கு நம் சென்னையே சான்று. 1999 ஜனவரி 31இல் சேப்பாக்கம் மைதானத்தில் இந்தியா பாகிஸ்தானிடம் 12 ஓட்டங்களில் தோற்றது. சச்சின் டெண்டுல்கர் 136 ஓட்டங்கள் எடுத்தும் வெற்றி கைநழுவிய நாள் அது. நெஞ்சு உடைந்த அந்தக் கூட்டம் எழுந்து நின்று, வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கைதட்டியது. அவர்கள் மைதானத்தை வலம் வந்தனர். மூன்று வாரம் கழித்துக் கொல்கத்தாவில் அதே இரு அணிகள் ஆடியபோது கூட்டம் பொருள்களை எறிந்து கலகம் செய்ய, காவலர் அரங்கைக் காலிசெய்து, ஆளில்லா இருக்கைகளின் நடுவே ஆட்டத்தை முடிக்க நேர்ந்தது. இரு ஊரிலும் சட்டம் ஒன்றே. சேப்பாக்கத்தில் கைதட்டும்படி எந்தச் சட்டமும் கட்டளையிடவில்லை. முதலில் எழுந்து நின்ற சிலரைக் கண்டு மற்றவர் எழுந்தனர். தீமை தொற்றுவது போலவே நன்மையும் தொற்றும்.

நாம் செய்ய வேண்டியது

இனி நம் கடமைக்கு வருவோம். இழித்துரைக்கும் பாவத்தைப் பற்றி எழுதும் அக்குவினார், மனிதன் தன் மானத்தைத் தன் உடைமையைவிடக் குறைவாக நேசிப்பதில்லை என்பதால், இழித்துரைத்தல் திருட்டுக்கும் கொள்ளைக்கும் குறைந்ததன்று என்கிறார். அதே வேளையில் நோக்கத்தைப் பார்க்கச் சொல்கிறார். அவமதிக்கும் எண்ணமின்றி இலேசாகச் சொன்ன கேலியும், மானத்தைப் பறிக்கவே சொன்ன சொல்லும் சமமாகா. ஆகவே மைதானத்தில் சிரிப்பே கூடாது, எல்லாரும் கோயிலில் இருப்பது போல் இருங்கள் என்று எவரும் சொல்ல வேண்டியதில்லை. புனித பவுல் நம் பேச்சு உப்பிட்டதாக இருக்கட்டும் என்கிறார். உப்பளத்து மக்களாகிய நமக்கு உப்பின் அளவு தெரியும். கேலி அந்த உப்பு. அளவு மீறினால் சோற்றை எவரும் உண்ண முடியாது.

சட்டத்தின் எல்லைக்கும் அறத்தின் எல்லைக்கும் இடையே அகன்ற வெளி ஒன்று உண்டு. அவ்வெளி காவலருக்கு உரியதன்று, நமக்கு உரியது. அதில் முதற்பொறுப்பு போட்டியை நடத்துவோருக்கு. தன் வீட்டுக்கு வந்த விருந்தினன் மற்றொரு விருந்தினனை இழித்துப் பேசினால் வீட்டுக்காரன் வாளாவிருப்பானா? பங்கின் பெயரால், புனிதரின் பெயரால் கோப்பை வழங்கும் விழாக்குழுவே மைதானத்தின் வீட்டுக்காரன். பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவன் ஆட்டத்தைப் பார்க்கும் உரிமையைத்தான் வாங்கினான். ஆடுபவனின் மானத்தை எவரும் அவனுக்கு விற்கவில்லை.

உலகக் கால்பந்துக் களங்களில் மூன்று படிகளுள்ள ஒரு முறை உண்டு. பாகுபாட்டு ஏச்சு எழுந்தால் நடுவர் முதலில் ஆட்டத்தை நிறுத்தி ஒலிபெருக்கியில் எச்சரிக்கச் செய்கிறார். தொடர்ந்தால் ஆட்டக்காரரைச் சிறிது நேரம் வெளியே அழைத்துக்கொள்கிறார். அதற்கும் அடங்காவிட்டால் ஆட்டத்தையே கைவிடுகிறார். நம் ஊர்ப் போட்டிக்கும் இது பொருந்தும். ஒலிபெருக்கி நம்மிடம் உண்டு, நடுவரும் உண்டு. முதற்பரிசையும் இரண்டாம் பரிசையும் அறிவிக்கும் துண்டறிக்கையில், சாதியையோ மதத்தையோ சொல்லி ஏசினால் ஆட்டம் நிற்கும் என்று ஒரு வரி சேர்ப்பதற்குச் செலவில்லை. அந்த வரியை ஒருமுறையேனும் நடைமுறைப்படுத்தும் துணிவு மட்டுமே வேண்டும். சொந்த ஊர் அணி வெல்லும் தறுவாயில், சொந்த ஊர்க்காரனின் ஏச்சுக்காக ஆட்டத்தை நிறுத்தும் விழாக்குழு, பத்து மறையுரைகள் செய்யாததைச் செய்துவிடும்.

அடுத்த பொறுப்பு பக்கத்தில் நிற்பவருக்கு. சகோதரனைத் தனியே அழைத்துத் திருத்தும்படி ஆண்டவர் கற்பித்தார். மைதானத்தில் அது மிக எளிது. தோளில் கைவைத்து, "தம்பி, அந்த வார்த்தை வேண்டாம், பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று அண்ணன் ஒருவர் சொன்னால் போதும். எதிரணி ஆள் சொன்னால் சண்டையாகும்; தன் அணி ஆள் சொன்னால் பெரும்பாலும் அடங்கிவிடுவான். ஆகவே ஒவ்வோர் அணியின் ரசிகரும் தத்தம் ஆட்களையே திருத்துவது முறை. சிரிக்காமல் இருப்பதுகூட ஒரு திருத்தமே. ஏசுபவன் எதிர்பார்க்கும் கூலி பக்கத்தவரின் சிரிப்புத்தான். அது கிடைக்காவிட்டால் அவன் குரல் தானே தணியும்.

வரும் திருவிழாப் போட்டிகளில் எந்த அணி கோப்பையைத் தூக்கும் என்று எவரும் சொல்ல இயலாது. ஆனால் தோற்ற அணியின் கடைசி ஆட்டக்காரன், அவன் எந்தத் தெருவைச் சேர்ந்தவனாயினும், எந்த மறையைச் சேர்ந்தவனாயினும், தலை குனியாமல் தன் வீட்டுக்கு நடந்து செல்ல வேண்டும். அதற்குச் சட்டம் ஓரளவே உதவும். மீதியை மைதானத்தின் ஓரத்தில் நிற்கும் நீங்களும் நானுமே செய்ய வேண்டும்.